கண்ணை மூடிட்டு வாசிங்கப்பா!

பீரோ மேல் கிடந்த பேஸ் கிதாரை அவர் கீழே இறக்கியபோது, உறை முழுக்கத் தூசி அப்பியிருந்தது.

திருச்சியில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். வயது 51. சனி, ஞாயிறுகளில் மெல்லிசைக் குழுவில் பேஸ் கிதார் வாசித்தவர். 24 வருடங்களில் கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா, காதுகுத்து என்று அவர் ஏறாத மேடை இல்லை. இப்போதெல்லாம் ஒரு பாடகரும் ஒரு லேப்டாப்பும் இருந்தால் கச்சேரி முடிந்துவிடுகிறது. பேஸ் வாசிப்பவரை யார் கூப்பிடுகிறார்கள்?

கிதாரின் ஃப்ரெட்கள் தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தன. வீணையில் மெட்டு என்பார்களே, கிதாரில் அதுதான் ஃப்ரெட். புதிதாகப் போட ஆகும் செலவைக் கேட்டதும் அவருக்கு வேறு யோசனை வந்தது. அத்தனையையும் பிடுங்கிவிட்டால் என்ன?

“இருக்கிறதையும் கெடுத்து வைக்கப் போறீங்க” என்றார் மனைவி.

ஆனால், அவர் மனதில் இருந்தது ஜாகோ பாஸ்டோரியஸ். ஃப்ளோரிடாவில் வளர்ந்த அமெரிக்கக் கலைஞர். ஃப்ரெட் இல்லாத 1962 மாடல் ஃபெண்டர் ஜாஸ் பேஸ்தான் அவரது ஆயுதம். ஃப்ரெட் இருந்த இடங்களை அடைத்து, படகுகளுக்குப் பூசும் எபாக்ஸியை அதன் மேல் பூசியிருந்தார். 1976-ல் வெளியான அவரது முதல் ஆல்பத்தைக் கேட்டவர்கள், பேஸ் கிதார் இப்படிப் பாடுமா என்று அசந்துபோனார்கள். 1987-ல், 35 வயதில் அவர் இறந்தார். இன்றைக்கும் ஃப்ரெட்லெஸ் பேஸ் என்றால் முதலில் வருவது அவர் பெயர்தான்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன. சால்டரிங் அயர்னால் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் சூடாக்கி, மரம் பெயராமல் மெதுவாக நெம்பி எடுத்தார். பள்ளங்களில் வெளிர்நிற மரச் சீவல்களை ஒட்டி, உப்புத்தாளால் தேய்த்தார். ஃப்ரெட் இருந்த இடமெல்லாம் இப்போது மெல்லிய கோடு. ஃப்ரெட் போனதால் கம்பிகள் உயரமாக நின்றன. தலைப்பக்க நட்டின் பள்ளங்களைச் சின்ன அரத்தால் ஆழமாக்கி, பிரிட்ஜையும் இறக்கினார். கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியை ஆலன் கீ போட்டு ஒரு தடவைக்குக் கால் சுற்றுதான் திருக வேண்டும்; அவசரப்பட்டால் கழுத்து வீணாகிவிடும். சாதாரணக் கம்பி, மரத்தை அரம்போல ராவிவிடும் என்பதால், மேற்சுற்று தட்டையாக இருக்கும் கம்பியாகப் பார்த்து வாங்கிப் போட்டார்.

சுருதி கூட்டி, பழக்கமான ஒரு பாட்டை வாசித்தார். உள்ளே பிளஸ் டூ பாடம் படித்துக்கொண்டிருந்த மகள் எட்டிப் பார்த்தாள். எட்டு வயதிலிருந்து வயலின் கற்பவள்.

“அப்பா, எல்லாம் இறங்கியிருக்கு.”

“கோட்டைப் பார்த்துத்தானம்மா வைக்கிறேன்?”

மறுபடி வாசித்தார். மறுபடியும் இறங்கியிருந்தது.

காரணம் அவர் விரலிலேயே இருந்தது. ஃப்ரெட் உள்ள கிதாரில் விரலை ஃப்ரெட்டுக்குக் கொஞ்சம் பின்னால் வைத்தால் போதும். ஸ்வரத்தைத் தீர்மானிப்பது ஃப்ரெட். இதில் தீர்மானிப்பது விரல் நுனி. சரியாகக் கோட்டின் மேலேயே விழ வேண்டும். 24 வருடப் பழக்கமோ, விரலைப் பின்னாலேயே இழுத்தது. 34 அங்குலக் கம்பியில் முதல் அரை ஸ்வரத்துக்கு இடைவெளி 4.8 சென்டிமீட்டர், பாதிக் கம்பியைத் தாண்டினால் அதுவே 2.4. கோட்டை நம்பினாலும் வம்பு. மேலிருந்து சாய்வாகப் பார்க்கும்போது கோடு ஓர் இடத்தில் தெரிகிறது, விரல் வேறு இடத்தில் விழுகிறது.

மகள் தன் போனில் தம்புராவை ஓடவிட்டாள். “கண்ணை மூடிட்டு வாசிங்கப்பா. ஷட்ஜமம் மட்டும். தம்புராவோட ஒட்டுற வரைக்கும்.”

கண்ணை மூடினார். சுருதி சேராதபோது, இரண்டு ஒலிகளும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ‘வவ்… வவ்’ என்று அதிர்ந்தன. விரலை ஒரு நூல் அளவு நகர்த்தினார். அதிர்வு நிதானமாகி, நின்றது. வயிற்றுக்குள் என்னவோ அடங்கியதுபோல இருந்தது.

இத்தனை வருடம் கண்ணால் வாசித்திருக்கிறோம் என்று அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. வயலின் வாங்கிக் கொடுத்த முதல் வருடம், இவள் கீச்கீச்சென்று இழுக்கும்போதெல்லாம், “காது வலிக்குது” என்று சொல்லி அந்த அறைக் கதவைச் சாத்தியவர் இவர்தான். அவள் மூடிய கதவுக்குள்ளேயே வாசித்துப் பழகினாள்.

இப்போது தினமும் ராத்திரி அரை மணி நேரம் இவர் அபஸ்வரமாக இழுக்கிறார். நாளை பரீட்சை இருந்தாலும் அவள் கதவைச் சாத்துவதில்லை. அவ்வப்போது உள்ளேயிருந்து குரல் மட்டும் வரும்: “கொஞ்சம் ஏத்துங்கப்பா… ம், அங்கதான்.”

நவராத்திரிக்கு வீட்டில் கொலு. தாம்பூலம் வாங்க வந்தவர்கள் கேட்டுக்கொள்ள, மகள் வயலின் எடுத்தாள். பக்கத்தில் பேஸ் கிதாரோடு இவர். ஷட்ஜமம், பஞ்சமம் தவிர வேறெதையும் தொடவில்லை. நடுவில் ஒரு பஞ்சமம் இறங்கி விழுந்தது. பதறாமல் விரலை மெதுவாக மேலே தள்ளிச் சேர்த்துக்கொண்டார். வந்தவர்கள் யாரும் கவனிக்கவில்லை.

மகள் மட்டும் வில்லை நிறுத்தாமல் திரும்பிப் பார்த்து, லேசாகத் தலையசைத்தாள். 24 வருட மேடையில் வாங்கிய எந்தக் கைதட்டலுக்கும் அவர் அப்படி வெட்கப்பட்டதில்லை.