மர்ஃபியை வாங்கலாமா?

பலாரட், ஆஸ்திரேலியா



போன மடலின் கடைசியில், வீட்டில் குதிரை வாங்கும் பேச்சு நடக்கிறது என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். வந்த கடிதங்களைப் பார்த்தால் நான் இங்கே ஜமீன் வாங்கிவிட்டதாக ஊரில் செய்தி பரவியிருக்கிறது. அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. ஓய்வு பெற்ற பந்தயக் குதிரையை இங்கே ஓட்டைக் கார் விலைக்கு வாங்கிவிடலாம். சில குதிரைகள் சும்மாவே கிடைக்கும். பலாரட்டைச் சுற்றிப் பந்தயக் குதிரைப் பயிற்சியாளர்கள் நிறையப் பேர். இரண்டு வயதில் ஓடத் தொடங்கும் குதிரை, ஐந்தாறு வயதுக்குள் பேர் வாங்கவில்லை என்றால் லாயத்தை விட்டு வெளியே போகவேண்டியதுதான். ஆனால் குதிரையின் ஆயுளோ இருபத்தைந்து, முப்பது வருடம். மிச்ச வருடங்களுக்கு அது எங்கே போகிறது? 2019 அக்டோபரில் ஏபிசி தொலைக்காட்சி அதைப் படமெடுத்துக் காட்டியது. இறைச்சிக்கூடத்து வரிசையில் நின்ற பந்தயக் குதிரைகளைப் பார்த்து நாடே முகம் சுளித்தது. அதன்பிறகு, இவற்றுக்கு வேறு வேலை பழக்கிக் குடும்பங்களிடம் சேர்ப்பதில் எல்லோருக்கும் ஒரு வேகம் வந்திருக்கிறது.

அப்படிக் கைமாறிக் கைமாறி வந்தவன்தான் மர்ஃபி. செம்பழுப்பு உடம்பு, கறுத்த பிடரி, கறுத்த வால். உயரம் பதினாறு கை. குதிரையைக் கையால்தான் அளப்பார்கள், ஒரு கைக்கு நாலு அங்குலம். காயடித்த ஆண். இடது தோளில் பிறந்த பண்ணையின் முத்திரை இருக்கிறது. வலது தோளில் மேலே 14, நடுவில் கோடு, கீழே 5. 2015-ல் அந்தப் பண்ணையில் பிறந்த குட்டிகளில் பதினாலாவது என்று அர்த்தம். இந்த நாட்டில் பந்தயக் குதிரைகள் எல்லாவற்றுக்கும் ஆகஸ்ட் 1-ம் தேதிதான் பிறந்தநாள். எந்த மாதம் பிறந்தாலும் சரி, ஜாதகம் கணிக்க வழியே கிடையாது.

என் மகளுக்குப் பதினேழு வயது. சின்ன வயதிலிருந்து போனி கிளப்பில் அடுத்தவர் குதிரைகளில் ஏறி வளர்ந்தவள். மர்ஃபியின் சொந்தக்காரம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது, அதனால் விற்கிறார். ஒளிவுமறைவு இல்லாத மனுஷி. "சேணம் ஏறிவிட்டால் இவன் தங்கம். தரையில் மனுஷன் கிட்டே வந்தால்தான் பிரச்சினை. என்னைத் தவிர யாரையும் நம்பமாட்டான், என்னையும் பாதி நாள்தான்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். மேய்ச்சலில் விட்டால் பிடிக்க முடியாது. தலைக்கயிற்றோடு ஆள் வருவதைப் பார்த்ததும் நகர ஆரம்பித்துவிடுவான். காதுப் பக்கம் கை போனால் தலை வானத்துக்குப் போய்விடும். ஐந்நூறு கிலோ உடம்பு அப்படித் தலையைத் தூக்கும்போது எதிரே நிற்பவருக்குப் பல் போகலாம்.

நம் ஊர்ப் பழமொழிகளில் குதிரை நிறைய வருகிறது. மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்கிறோம், குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்ததாம் என்கிறோம். எல்லாமே மனிதன் குதிரையை நம்பலாமா என்கிற கவலை. குதிரை மனிதனை நம்பலாமா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. இந்த வீட்டில் இரண்டு மாதமாக அதைத் தவிர வேறு பேச்சில்லை.

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவில் குதிரைச் சந்தை கூடும் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். என் மாமா வருடம் தவறாமல் அங்கே போகிறவர். அவரே வாங்கியதில்லை, வாங்குகிறவர்களுக்கு யோசனை சொல்லப் போவார். விஷயம் காதில் விழுந்ததும் போன் வந்துவிட்டது. "மாப்ளே, சுழி பாத்தீங்களா?" என்றுதான் எடுத்தவுடனே கேட்டார். நான் சிரித்துவிட்டுப் பிறகு யோசித்தேன். டெம்பிள் கிராண்டின் என்ற அமெரிக்கக் கால்நடை அறிவியல் பேராசிரியை, 1995-ல் மாடுகளின் நெற்றிச் சுழியை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார். கண்மட்டத்துக்கு மேலே சுழி இருக்கும் மாடுகள், கீழே இருப்பவற்றைவிடக் கூண்டில் பிடிக்கும்போது அதிகம் மிரண்டன என்று அதில் வருகிறது. ஆகவே மாமாவை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. மர்ஃபிக்குச் சுழி இரண்டு கண்ணுக்கும் நேர் நடுவே இருக்கிறது. மாமாவுக்கும் உதவாது, பேராசிரியைக்கும் உதவாது.

சொந்தக்காரம்மா அவனைப் பிடிப்பதை வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். நேராக அவனிடம் நடக்கவில்லை. குதிரைக்கு ஏறக்குறைய சுற்றுவட்டம் முழுக்கக் கண் தெரியும். ஆனால் நெற்றிக்கு நேர் எதிரே, மூக்கடியில் தெரியாது. முகத்தைத் தடவ நீட்டிய கை பாதி வழியில் காணாமல் போய்த் திடீரென்று தோலில் வந்து விழும். அதனால் தோளைப் பார்த்துச் சாய்வாக நடந்தார். நடக்கையிலேயே அவன் ஒரு காது அவர் பக்கம் திரும்பியது, கழுத்து லேசாக விறைத்தது. அவ்வளவுதான், இவர் நின்றுவிட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டு மூச்சை விட்டார். அவன் ஒரு கால் நகரப்போனவன் நகராமல் நின்றான். இவர் இரண்டடி பின்வாங்கினார். மறுபடி வந்தார். இப்படியே வருவதும் போவதுமாக இருபது நிமிடம். கடைசியில் அவன் தலை கொஞ்சம் தாழ்ந்தது, உதட்டை நக்கி வெறும்வாயை மென்றான். ஒப்புக்கொண்டதற்கு அதுதான் அடையாளம் என்பார்கள் பழைய ஆட்கள். பதற்றம் தணியும்போது அப்படி வரும், அவ்வளவுதான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் பட்டது.

விஷயம் அந்தப் பின்வாங்கலில்தான் இருக்கிறது. குதிரைக்குக் கூலி தீனி மட்டுமல்ல, அழுத்தம் விலகுவதும் ஒரு கூலிதான். அவன் அசையாமல் நின்ற நொடியில் ஆள் விலகினால், நின்றால் நல்லது என்று படிக்கிறான். அவன் தலையைத் தூக்கி உதறிய நொடியில் ஆள் பயந்து கையை எடுத்தால், உதறினால் நல்லது என்று படிக்கிறான். மர்ஃபி போன வீடுகளில் யாரும் அவனை அடித்திருக்கவேண்டும் என்றுகூட இல்லை. பயந்து பயந்து கையை எடுத்த நல்லவர்களே அவனை இப்படிப் பழக்கியிருக்கலாம்.

காது விஷயம் மட்டும் வேறு. ஊசி போட, முடி கத்தரிக்க, குதிரையை அசையாமல் நிறுத்தக் காதைப் பிடித்து முறுக்கும் வழக்கம் சில லாயங்களில் உண்டு. மேலுதட்டைக் கயிற்றில் திருகிப் பிடிப்பதும் உண்டு. இரண்டையும் ஒப்பிட்டு 2017-ல் ஓர் ஆய்வு வந்தது. உதட்டைப் பிடித்தால் முதல் சில நிமிடம் இதயத்துடிப்பு இறங்குகிறது. காதை முறுக்கினால் ஏறுகிறது, பிறகு ஆள் வந்தாலே விலகத் தோன்றுகிறது. வெளியே பார்த்தால் இரண்டு குதிரையும் ஒரேமாதிரி சிலையாக நிற்கும். ஒன்று தணிந்து நிற்கிறது, மற்றது பயத்தில் உறைந்து நிற்கிறது. மர்ஃபியின் காதை யார் எப்போது பிடித்தார்கள் என்று முத்திரையில் எழுதியிருக்காது.

நம்பிக்கைக் குறைவு என்று எல்லோரும் சொல்வதில் பாதி வலியாக இருக்கும் என்பது இங்குள்ள கால்நடை மருத்துவர் கட்சி. பந்தயப் பயிற்சியில் இருக்கும் குதிரைகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு வயிற்றில் புண் இருக்கும். நாளெல்லாம் மேய்வதற்குப் படைக்கப்பட்ட வயிற்றுக்கு வேளாவேளைக்குத் தானியம் கொட்டினால் அமிலம் சும்மா இருக்குமா? பல், முதுகு, பொருந்தாத சேணம் என்று பட்டியல் நீளும். சூ டைசன் என்ற பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர், ஆள் ஏறியிருக்கும்போது குதிரை காட்டும் 24 சின்னச் சின்ன நடத்தைகளைத் தொகுத்து வைத்திருக்கிறார். காதைப் பின்னால் சாய்ப்பது, வாலைச் சுழற்றுவது, வாயைத் திறப்பது மாதிரியானவை. அவற்றில் எட்டோ அதற்கு மேலோ கண்ணில் பட்டால் முரண்டு என்று சொல்லாதே, வலி இருக்கிறதா என்று பார் என்கிறார். மர்ஃபி மேல் மகள் ஏறியபோது இங்குள்ள மருத்துவர் எண்ணியது மூன்று. ஆனால் குழாய் விட்டுப் பார்த்ததில் வயிற்றுப் புண் இருந்தது. மருந்து ஆரம்பித்தாகிவிட்டது. செலவு சொந்தக்காரம்மாவுடையது, அதை அவரே முந்திக்கொண்டு சொன்னார்.

மருத்துவர் ரத்தமும் எடுத்தார். குதிரை வாங்குகிறவர் வரும் அன்று மயக்க மருந்து கொஞ்சம் கொடுத்துச் சாதுவாக நிறுத்தி விற்பது உலகம் முழுக்க உள்ள வித்தை. எதற்கும் ரத்தத்தைப் பார்த்துவிடுவது நல்லது. குதிரை வாங்கப் போன அமைச்சர் கதை நமக்குப் புதிதா என்ன? பாண்டியன் கொடுத்த பணத்தோடு மாணிக்கவாசகர் போனார், கடைசியில் வந்து நின்ற பரிகள் பகலில் அழகாக நின்று ராத்திரியில் நரிகளாகி ஊளையிட்டன. அங்கே விற்றவர் சொக்கநாதர், வழக்குப் போட முடியாது. இங்கே ரத்தப் பரிசோதனைத் தாள் கையில் இருக்கும். மர்ஃபியின் ரத்தம் சுத்தம்.

ஆக, அவன் நரியில்லை. பயந்தவன், வயிறு எரிகிறவன், புத்திசாலி. அப்படியானால் வாங்கலாமா? மகளின் பதில் உங்களுக்குத் தெரியும். என் மனைவிக்கும் அவன் மேல் இரக்கம். "பாவம்ங்க, இவனும் இன்னொரு வீடு மாறணுமா" என்கிறாள். இரக்கப்பட்டுக் குதிரை வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. இரக்கம் முதல் மழைக்காலம் வரைதான் தாங்கும். இங்கே ஜூலையில் விடிகாலைக் குளிர் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். ஆறரை மணிக்கு இருட்டில், சேற்றில், காதைத் தொடவிடாத குதிரைக்குக் கழுத்துவரை போர்வை மாட்டவேண்டும். அந்த நேரத்தில் அவன் தலையைத் தூக்கினால், பள்ளிக்கு நேரமாகிறது என்ற அவசரத்தில் யார் கை பின்வாங்கும்? பின்வாங்கினால் பழைய பாடம் இன்னும் ஒரு நாள் உறைக்கும்.

சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 2016-ல் குதிரைகளுக்கு மனித முகங்களின் புகைப்படம் காட்டிப் பார்த்தார்கள். கோபமுகத்துக்குத் துடிப்பு சீக்கிரம் எகிறியது, இடது கண்ணால் பார்த்தன. இரண்டு வருடம் கழித்து இன்னொன்றும் செய்தார்கள். கோபமாய்ப் படத்தில் பார்த்த மனிதர் சில மணி நேரம் கழித்து நேரில் சாதாரண முகத்தோடு வந்தாலும் குதிரைக்கு ஞாபகம் இருந்தது. அந்த மனிதருக்கோ தன்னுடைய எந்தப் படம் காட்டப்பட்டது என்றே தெரியாது. இதைப் படித்ததிலிருந்து நான் வேலிப் பக்கம் போகும்போது அலுவலக முகத்தைக் காரிலேயே கழற்றி வைக்கப் பார்க்கிறேன். பயத்தைக் கழற்றத்தான் தெரியவில்லை. எனக்குக் குதிரை என்றால் பயம், அது மர்ஃபிக்கு நன்றாகத் தெரியும்.

என் கணக்கெல்லாம் இந்த இடத்தில்தான் வந்து முட்டுகிறது. மர்ஃபியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரே ஆள், ஒரே மாதிரி, நாள் தவறாமல் வந்தால் அவன் வழிக்கு வருவான், வருகிறான் என்பதை இருபது நிமிடத்தில் கண்ணால் பார்த்தேன். அந்த ஒரே ஆள் எங்கள் வீட்டில் யார்? மகளுக்கு இது பன்னிரண்டாம் வகுப்பு. அடுத்த வருடம் மெல்போர்னில் கல்லூரி கிடைத்தால் போய்விடுவாள். அப்புறம் பத்து வயதுக் குதிரையும் பயந்த தகப்பனும் இன்னும் பதினைந்து இருபது வருடம் வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். பாண்டிய நாட்டு அரசர்கள் வருடம்தோறும் ஆயிரக்கணக்கில் அரபுக் குதிரை வாங்கியும், பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லாமல் வருடக் கடைசியில் அவற்றில் பெரும்பாலானவை செத்துப்போயின என்று மார்கோ போலோ எழுதிவைத்திருக்கிறார். பணம் அவர்களுக்கும் ஒரு பொருட்டாக இருக்கவில்லை.

மகளிடம் இதைச் சொன்னபோது கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். "அப்பா, அவனுக்கு நான் இருக்கேனா இல்லையாங்கிறதைவிட, நாளைக்கும் அதே மாதிரி இருப்பேனாங்கிறதுதான் முக்கியம். அது எனக்கே தெரியலையே" என்றாள். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அது கோபம்தான்.

வழி சொன்னது சொந்தக்காரம்மா. வாங்கவேண்டாம், வருடக் கடைசி வரை குத்தகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள், குதிரை இங்கேயே இருக்கட்டும் என்றார். இங்கே இது சகஜம். இடம் மாறவில்லை, பக்கத்து மேய்ச்சல் கூட்டாளிகள் மாறவில்லை, பிடிக்க முடியாத நாளில் அவன் பாதியாவது நம்பும் மனுஷி முழங்காலைத் தேய்த்துக்கொண்டு அங்கேயே இருப்பார். லாடக்காரருக்கு ஆறு வாரத்துக்கு ஒருமுறை நாங்கள் கொடுக்கவேண்டும், பல்லுக்கும் தடுப்பூசிக்கும் அவர். வைக்கோல் பாதிப் பாதி. மகள் ஏறும் நாளில் வேறு யாரும் ஏறக்கூடாது. மூன்றாம் ஆள் கை வைப்பதானால் இருவரும் சம்மதிக்கவேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையை இரண்டு தரப்புமே கேட்டோம்.

மாமாவுக்கு இதில் திருப்தியில்லை. குதிரையைக் குத்தகைக்கு எடுப்பதா, தென்னந்தோப்பா அது என்கிறார்.

காப்பீட்டுத் தாள் வந்ததும் கையெழுத்துப் போடுவோம். கல்லூரி மெல்போர்னில் கிடைத்தால் குதிரை கிடையாது, பலாரட்டிலேயே கிடைத்தால் வாங்குவது பற்றிப் பேசலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். மனைவி சரி என்றுவிட்டாள். மகள் இன்னும் தலையாட்டவில்லை. விண்ணப்பத்தில் எந்தக் கல்லூரியை முதலில் போட்டிருக்கிறாள் என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறாள்.

அன்புடன்,
உங்கள் கடல் கடந்த நண்பன்