மதுரமங்கலம் போய் வந்தோம்

போன ஞாயிற்றுக்கிழமை மதுரமங்கலம் போய் வந்தோம். சுங்குவார்சத்திரத்துக்குப் பக்கத்து ஊர்தான். ஆனாலும் நான் இங்கே வந்து ஆறு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. போன காரணத்தைச் சொல்ல வேண்டும்.

என் மகனும் மருமகளும் ஒரகடம் பக்கம் கம்பெனிகளில் வேலை செய்கிறார்கள். இருவருக்கும் ஷிப்ட். பேரன் ஒன்றாம் வகுப்பு. எங்கள் குடியிருப்பில் எல்லா வீடும் இப்படித்தான். ஒரு குடும்பம் சிதம்பரம், ஒன்று திருநெல்வேலி, ஒன்று நெல்லூர், ஒன்று ஒடிசா. ஊரில் என்றால் பாட்டியோ சித்தியோ பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு சாமி கதை சொல்வார்கள். இங்கே வயதானவள் நான் ஒருத்திதான். அதனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் நான் ஆயா.

ஒருநாள் மருமகள், "அத்தே, இவனுக்குக் கைகூப்பவே தெரியல. எனக்குச் சொல்லிக்குடுக்க நேரமும் இல்ல, தெம்பும் இல்ல" என்று கண் கலங்கினாள். மாடிப்படியில் உட்கார்ந்திருந்த மற்ற பெண்களும் அதையே சொன்னார்கள். அப்படி ஆரம்பித்ததுதான் சனிக்கிழமை மொட்டைமாடி. அன்று யாருக்கு ஷிப்ட் இல்லையோ அவள் முறை. ஒரு விளக்கு, ஒரு கதை, கொஞ்சம் சுண்டல். ஒடிசாப் பெண் பூரி ஜெகந்நாதர் கதை சொல்வாள். திருநெல்வேலிப் பெண் கிறிஸ்தவர். தாவீது கோலியாத்தை வீழ்த்திய கதை சொல்வாள். சிதம்பரத்துப் பெண் மார்கழியில் திருப்பாவை சொல்லிக்கொடுத்தாள். முறை அட்டவணை எழுதி ஒட்டுவது என் வேலை. குமாஸ்தா கை சும்மா இருக்குமா?

ஐப்பசியில் ஒரு விடியற்காலை. சிதம்பரத்துப் பெண்ணின் கணவர் இரவு ஷிப்ட் முடிந்து பைக்கில் திரும்பும்போது நெடுஞ்சாலையில் லாரி மோதிப் போய்விட்டார். பையனுக்கு ஏழு வயசு.

காரியமெல்லாம் முடிந்து மூன்றாவது சனிக்கிழமை அவனே மாடிக்கு வந்தான். விளக்கேற்றியதும் என்னைப் பார்த்துக் கேட்டான்: "ஆயா, நான் தினமும் சாமிகிட்ட அப்பாவைப் பாத்துக்கோன்னு சொன்னேனே. சாமிக்குக் கேக்கலையா?"

முப்பது வருஷத்துக்கு மேல் அரசு அலுவலகத்தில் கடிதங்களுக்குப் பதில் எழுதியவள் நான். எதுவும் தெரியாவிட்டால் 'பரிசீலனையில் உள்ளது' என்றாவது எழுதுவோம். அன்று எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

வராததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதே கேள்வியை என் மகன் பத்து வயதில் என்னிடம் கேட்டிருக்கிறான், அவன் அப்பா இறந்தபோது. "சாமியைப் பத்தி அப்படிப் பேசக்கூடாது" என்று சொல்லி ஓர் அறையும் கொடுத்தேன். அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் கட்டாயப்படுத்தி ஸ்லோகம் சொல்ல வைத்தேன். பதினாறு வயதில் பூஜை அறைக்குள் வருவதை நிறுத்தினான். இன்றுவரை வந்ததில்லை. நான் படித்தது புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடம். அங்கே சாமியைப் பற்றிப் பேச்சே கிடையாது. எனக்குத் தெரிந்த பக்தியெல்லாம் எங்கள் தெருத் திண்ணையில் அம்மாவும் அக்கம்பக்கத்து அம்மாக்களும் கொடுத்தது. என் பிள்ளை வளரும்போது திண்ணையும் இல்லை, அந்தப் பெண்களும் இல்லை. ஆபீஸ், ரேஷன் கடை, வீடு, அவ்வளவுதான். பக்கத்தில் ஒருத்தி இருந்திருந்தால் அந்தக் கையைப் பிடித்திருப்பாள்.

அன்று மொட்டைமாடியில் ஒடிசாப் பெண்தான் அந்தப் பையனை மடியில் இழுத்துக்கொண்டாள். தனக்குத் தெரிந்த தமிழில், "எனக்கும் தெரியல கண்ணா" என்று சொல்லி அழுதாள். மற்றவர்களும் அழுதார்கள். அன்று இரவிலிருந்து ஒரு மாதம், தினம் ஒருத்தி அந்த வீட்டில் போய்ப் படுத்தாள். அதற்கும் நான்தான் அட்டவணை போட்டேன். யாரும் ஒருநாளும் தவறவில்லை.

அடுத்த முறை என்னுடையது. எம்பார் கதை சொன்னேன். ராமானுஜர் 1017ல் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்தது எல்லோருக்கும் தெரியும். அவருடைய அம்மா காந்திமதி. அவளுடைய தங்கை தியுதிமதி வாழ்ந்தது நம் பக்கத்து மதுரமங்கலத்தில். அவள் பிள்ளை கோவிந்தன். இரண்டு குழந்தைகளுக்கும் பெயர் வைத்தவர் தாய்மாமன் பெரிய திருமலை நம்பி. இரண்டு பேரும் திருப்புட்குழியில் யாதவப்பிரகாசரிடம் படித்தார்கள். காசி யாத்திரையில் அண்ணனைக் கொல்லச் சதி நடப்பதை அறிந்து, விந்திய மலைக் காட்டிலேயே சொல்லித் தப்பவைத்தவன் கோவிந்தன்.

ஆனால் அவனே கங்கையில் குளிக்கும்போது கையில் ஒரு லிங்கம் வர, வைணவ வீட்டுப் பிள்ளை காளஹஸ்தியில் சிவபூஜை செய்து தங்கிவிட்டான். குருபரம்பரைக் கதைகள் இதைச் சொல்கின்றன. மாமா நம்பி காளஹஸ்திக்குப் போனார். திட்டவில்லை, இழுக்கவில்லை. அவன் பூப்பறிக்கும் மரத்தடியில் உட்கார்ந்து தம் சீடர்களுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவனாக இறங்கி வரும்வரை காத்திருந்தார். அந்தக் கோவிந்தன்தான் பிறகு ராமானுஜருக்குப் பின்வந்த ஆசாரியர் எம்பார்.

சிவனா பெருமாளா என்பது எனக்குப் பெரிதில்லை. எங்கள் வீட்டில் இரண்டு படமும் உண்டு. மதுரமங்கலத்தில் இருந்த அந்த அம்மாவைத்தான் நினைத்துக்கொண்டேன். பிள்ளை வேறு வழியில் போன வருஷங்களில் அவளுக்கு யார் துணை? ஸ்ரீபெரும்புதூர் அக்காவாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கதை கேட்ட பிள்ளைகள் அந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்றார்கள். அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். ஒரு ஷேர் ஆட்டோவில் பெண்களும் பிள்ளைகளும். இடம் போதாததால் என் மகன் அந்தப் பையனைத் தன் பைக்கில் ஏற்றிக்கொண்டான்.

வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குள் நாங்கள் போனோம். மகன் வழக்கம்போல வெளியே நின்றுவிட்டான். அந்தப் பையனும் உள்ளே வரவில்லை. தரிசனம் முடிந்து திரும்பிப் பார்த்தேன். இரண்டு பேரும் வாசல் படியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பையன் ஏதோ கேட்க, மகன் தலையைக் குனிந்து மெதுவாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். என்ன பேசினார்கள் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

மருமகள் அவர்களைக் கூப்பிட வாயெடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.