அரிசித் தட்டில் அகரம்

"தாய்மொழியைக் காப்போம்" என்று நம் சங்க மேடையில் ஆண்டுதோறும் முழங்குகிறோம். காப்பது எப்படி என்று யாரேனும் எழுந்து கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். நான் பேச்சாளன் அல்லன். இயற்பியல் படிக்கும் மாணவன். ஆதலின் அவ்வினாவுக்கு முழு விடை கூற முன்வரவில்லை. 2025-ஆம் ஆண்டுக் கோடையில் தென் தில்லியில் உள்ள ஒரு தமிழ்த் திருச்சபையாரோடு பத்து நாள் பழகினேன். அங்கே இவ்வினா மேடைப் பொருளாக இல்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வது என்ற வீட்டுக் கவலையாக இருந்தது. அதைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

மே மாதத்தில் நம் விடுதி எப்படி இருக்கும் என்பதை அன்பர்கள் அறிவீர்கள். ஊருக்குப் போகிறவர்கள் போய்விடுவார்கள். தாழ்வாரங்களில் அனற்காற்று மட்டும் உலவும். செய்முறை ஆய்வு முடியாதவர்கள் தங்கிவிடுவோம். எனக்குரிய கருவி மாலையில்தான் கிடைக்கும். காலைப் பொழுதெல்லாம் வீண். இதைக் கண்ட ஆய்வகத் தோழர் ஒருவர், தூத்துக்குடிக்காரர், "எங்கள் சபைப் பிள்ளைகளுக்கு விடுமுறைப் பள்ளி நடக்கிறது. பாட்டும் கதையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். கடைசி ஒரு மணி நேரம் தமிழ் எழுத்துக் கற்றுத்தர ஆள் இல்லை. வருகிறாயா?" என்று கேட்டார்.

நான் அச்சமயத்தைச் சேர்ந்தவன் அல்லன். மயிலாடுதுறைக்கு அருகே ஒரு சிற்றூர் என் ஊர். கோடை என்றால் எனக்கு மாரியம்மன் கோயில் திருவிழாவும் நீர்மோர்ப் பந்தலும்தான் நினைவுக்கு வரும். ஆகவே சற்றுத் தயங்கியே சென்றேன். வாயிலில் நின்ற மூதாட்டி ஒருவர் கேட்டார்:

"தம்பி, நீங்க எந்தச் சபை?"

"எந்தச் சபையும் இல்லீங்கம்மா. எங்க ஊர் மாரியம்மன் கோயில்தான்."

"அதனால என்ன? ஆனா ஆவன்னா எல்லாருக்கும் ஒண்ணுதான. மொதல்ல உள்ள வந்து சாப்பிடுங்க."

தயக்கம் அவ்வளவில் தீர்ந்தது. அதன்பின் ஒருவரும் என் சமயத்தைப் பற்றிக் கேட்கவில்லை. இன்னொரு வியப்பும் அன்று காத்திருந்தது. "ஐயர் வருகிறார்" என்றார்கள். நான் வேறொருவரை எதிர்பார்த்தேன். வந்தவரோ வெள்ளை அங்கி அணிந்த போதகர். திருநெல்வேலிச் சீமைக் கிறிஸ்தவர்கள் தம் போதகரை 'ஐயர்' என்றே அழைப்பது வழக்கமாம். தஞ்சைப் பக்கத்துக்காரனாகிய நான் சிரித்தேன். காரணம் அறிந்து ஐயரும் சிரித்தார்.

இச்சபையார்க்குச் சொந்தக் கட்டடம் இல்லை. காலையில் இந்தியில் ஆராதனை நடக்கும் ஆலயத்தில் பிற்பகலில் இவர்கள் தமிழில் கூடுகிறார்கள். நாசரேத்து, சாயர்புரம், நாகர்கோயில், மதுரை எனப் பல ஊர்க்காரர்கள். செவிலியர், அரசு அலுவலர், ஓட்டுநர், கணிப்பொறியாளர் எனப் பல தொழிலினர். வார நாள்களில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க இயலாத தொலைவுகளில் வாழ்கின்றனர். பிள்ளைகள் விடுமுறையில் பத்து நாள் சேர்ந்திருக்க இப்பள்ளி ஒன்றே வழி.

'விடுமுறை வேதாகமப் பள்ளி' என்பது அதன் பெயர். பிள்ளைகள் 'வி.பி.எஸ்.' என்பார்கள். 1898-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் கிழக்குப் பகுதியில் ஹாவ்ஸ் என்ற அம்மையார், கோடையில் தெருவில் திரிந்த ஏழைக் குழந்தைகளுக்காக ஒரு மதுக்கடையின் கூடத்தை வாடகைக்கு எடுத்து நடத்திய பள்ளியை இதன் முன்னோடிகளுள் ஒன்றாகச் சொல்வர். தில்லிப் பள்ளி காலை ஏழரைக்குத் தொடங்கும். பாட்டு, கதை, கைவேலை, விளையாட்டு. இடையே எலுமிச்சைச் சாறும் ரொட்டியும். வெயில் ஏறுமுன், பதினொரு மணிக்கெல்லாம் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

முதல் நாள் இருபத்திரண்டு பிள்ளைகள் என் முன் அமர்ந்தனர். ஆறு வயது முதல் பதினான்கு வரை. அவர்கள் தமிழ்ப் பாட்டுகளைப் பாடிய அழகைக் கேட்டு மகிழ்ந்தேன். பாடிய தாளை வாங்கிப் பார்த்தபோதுதான் செய்தி விளங்கியது. சிலர் தாளில் தமிழ்ப் பாட்டு ஆங்கில எழுத்தில் இருந்தது. சிலர் தாளில் தேவநாகரியில் இருந்தது. தமிழ் எழுத்தை ஓரளவு அறிந்தவர் இருபத்திரண்டு பேரில் மூவரே. அம்மூவரும் தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளில் படிப்பவர்கள். 1923-இல் தொடங்கிய அக்கழகம் இன்று ஏழு பள்ளிகளை நடத்துகிறது. ஆனால் எல்லாரும் அப்பள்ளிகளுக்கு அருகில் குடியிருக்க முடியுமா?

எழுத்து மாறினால் என்ன, ஒலி அதுவே அன்றோ என்று கேட்கலாம். ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் இரண்டாம் நாள் என்னிடம் வந்தான். "அண்ணா, கடவுளே எனக்கு வலி காட்டும்னு ஏன் பாடுறோம்? வலின்னா நோவுதானே?" என்றான். அவன் கையிலிருந்த தாளில் வி, ஏ, எல், ஐ என்ற நான்கு ஆங்கில எழுத்துகள் இருந்தன. அந்நான்கையும் வலி என்று படிக்கலாம். வழி, வளி, வாளி, வாலி என்றும் படிக்கலாம். தேவநாகரியில் எழுதிப் படித்த பிள்ளைக்குக் கொடியும் கோடியும் ஒன்று. எகர ஒகரக் குறில்களுக்கு இந்தி எழுத்தில் இடமில்லை. அக்குறில்களை நெடில்களிலிருந்து கண்ணுக்குத் தெளிவாகப் பிரித்துக் காட்டிய பெருமை வீரமாமுனிவருக்கு உண்டு என்று பள்ளியில் படித்தேன். தேர்வுக்காகப் படித்த அச்செய்தியின் அருமை தில்லியில்தான் எனக்குத் தெரிந்தது. கணக்கு மாணவர்க்கு அவர்கள் மொழியில் சொல்கிறேன்: பல உறுப்புகளை ஒன்றாக்கும் சார்புக்கு மறுதலை கிடையாது. ஐந்து சொற்களை ஓர் உருவில் அடைத்துவிட்டால், அந்த உருவிலிருந்து மீண்டும் சரியான சொல்லை எடுக்க வேறு துணை வேண்டும். வீட்டில் தமிழ் கேட்டு வளர்ந்தவனுக்கு அந்தத் துணை உண்டு. அவன் பிள்ளைக்கு?

இருநூற்று நாற்பத்தேழு எழுத்து என்றவுடன் பிள்ளைகள் மிரண்டனர். பன்னிரண்டு உயிரும் பதினெட்டு மெய்யும் குறிகளும் தெரிந்தால் பெரும்பகுதி முடிந்தது, உகர ஊகார வரிசைகளுக்கு மட்டும் தனிப் பயிற்சி போதும் என்று காட்டினேன். பலகையும் சுண்ணக்கட்டியும் போதவில்லை. வாயிலில் என்னை வரவேற்ற அதே மூதாட்டி எவர்சில்வர் தட்டுகளில் அரிசி பரப்பிக் கொண்டுவந்து வைத்தார். அது கைப்பிடி அரிசி. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடியை எடுத்துத் தனியே சேர்த்து ஆலயத்துக்குக் கொடுப்பது அவர்கள் ஊர் வழக்கம். தில்லியிலும் சில வீடுகளில் விடாமல் நடக்கிறது. அந்த அரிசியில் பிள்ளைகள் விரலால் அகரம் எழுதினர். எழுதுவார்கள், தட்டை அசைத்து அழிப்பார்கள், மீண்டும் எழுதுவார்கள்.

அதைப் பார்த்து நின்ற ஐயர், 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு திண்ணைப் பள்ளியில் சிறுவர்களோடு அமர்ந்து மணலில் விரலால் தமிழ் எழுதிப் பழகிய கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னார். தரங்கம்பாடி எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் செல்லும் தொலைவு. பள்ளிச் சுற்றுலாவில் கோட்டையையும் கடலையும் பார்த்துவந்தவன் நான். அந்த மணலின் கதையை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து இங்கு வந்து கேட்டேன்.

ஏழாம் நாள் மாலை சபைக் கமிட்டி கூடியது. தமிழ்ப் பாட்டுகளை இனி ஆங்கில எழுத்திலேயே திரையில் காட்டலாமா என்பது பொருள். இளம் தந்தை ஒருவர், "என் பிள்ளைக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. திரையைப் பார்த்து வாய்மூடி நிற்கிறான். பாட்டாவது அவனுக்கு மிஞ்ச வேண்டாமா?" என்றார். ஓய்வுபெற்ற அலுவலர் ஒருவர், "எழுத்தை விட்டால் பத்து ஆண்டில் பாட்டும் போய்விடும். பிறகு தமிழ்ச் சபை என்று பெயர்ப்பலகை எதற்கு?" என்றார். இருவர் கண்ணிலும் நீர் இருந்தது. விருந்தினனாக ஓரத்தில் இருந்த எனக்கு, இருவர் பக்கமும் நியாயம் இருப்பதாகவே பட்டது.

அப்போது ஐயர் சொன்ன செய்தியை நம் மாணவர் ஒவ்வொருவரும் அறிதல் நலம். தமிழில் முதன்முதல் அச்சான நூல் 1554-இல் லிஸ்பன் நகரில் வெளிவந்தது. அதில் மொழி தமிழ், எழுத்து ரோமன். தமிழ் அச்செழுத்து அன்று வார்க்கப்படவில்லை. முத்துக்குளித் துறையில் பணியாற்றிய ஹென்றீக் ஹென்றீக்கஸ் அடிகளாரின் முயற்சியால் 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாயிற்று. பதினாறு பக்கம், தமிழ் எழுத்திலேயே. "ரோமனில் தொடங்கியதைக் குறை சொல்ல வேண்டாம். ஆனால் அவர்கள் அங்கேயே நிற்கவில்லை. இருபத்து நான்கு ஆண்டில் தமிழ் எழுத்துக்கு வந்து சேர்ந்தார்கள். நாம் 1578-இலிருந்து 1554-க்குத் திரும்பலாமா?" என்றார் ஐயர்.

முடிவு இரு சாராரையும் தழுவியது. திரையில் மேல்வரி தமிழ் எழுத்தில், கீழ்வரி ஆங்கில எழுத்தில். ஞாயிறுதோறும் ஆராதனைக்கு முன் அரை மணி நேரம் எழுத்து வகுப்பு. கீழ்வரியை என்று எடுப்பது என்பதைப் பிள்ளைகளின் முன்னேற்றம் கண்டு அடுத்த கோடையில் பேசுவதென்று வைத்தார்கள்.

பத்து நாளில் என்ன நேர்ந்துவிடும்? பெரிதாக ஒன்றுமில்லை. எட்டுப் பேர் எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். மற்றவர்கள் தம் பெயரையும் தாய் தந்தை பெயரையும் எழுதினார்கள். அவ்வெட்டுப் பேரில் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி. அவளுடைய பாட்டி நாசரேத்துக்கு அருகே ஒரு கிராமத்தில் தனியே இருக்கிறார். முற்றிலும் காது கேளாது. ஆதலால் தொலைபேசியில் பேச்சில்லை. மூன்று ஆண்டாகப் பேத்தியும் பாட்டியும் கைப்பேசித் திரையில் ஒருவரையொருவர் பார்த்துக் கையசைப்பதோடு சரி. ஆனால் பாட்டி மிஷன் பள்ளியில் படித்தவர். நன்றாக எழுதப் படிக்கத் தெரியும். ஒன்பதாம் நாள் அச்சிறுமி ஓர் அஞ்சலட்டை எழுதினாள். ஐந்து வரி. மூன்று வாரத்தில் மறுமொழி வந்தது. அதை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் ஓடிவந்தாள். "அண்ணா, இது என்ன எழுத்து? நீங்க சொல்லித்தரவே இல்லையே!"

பார்த்தேன். 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன்பு வழங்கிய, தும்பிக்கை தூக்கிய 'லை'யும் 'னை'யும்! பழைய வடிவங்களைத் தாளில் எழுதிக் காட்டினேன். பிறகு அவளே கடிதத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை படித்தாள். அதில் என்ன இருந்தது என்பது அவளுக்கும் பாட்டிக்கும் உரியது, இங்கு எழுதேன்.

கடைசி நாள் அன்பின் விருந்து. பிள்ளைகள் எழுதிப் பழகிய அரிசியைக் களைந்து, மேலும் அரிசி சேர்த்துப் பொங்கினார்கள். ஆட்டுக்கறிக் குழம்பு, பருப்பு, ரசம். அதிகாரியும் ஓட்டுநரும் ஒரே பந்தியில் இருந்தனர். நடுவில் ஒருநாள் நான் வெயிலால் காய்ச்சல் கண்டு விடுதியில் கிடந்தபோது, இரண்டு இரயில் மாறி வந்து கஞ்சியும் பருப்புத் துவையலும் கொடுத்துச் சென்ற செவிலியர் அக்காவும் அங்கே பரிமாறிக்கொண்டிருந்தார். இத்தகைய உறவை அவர்கள் 'ஐக்கியம்' என்று சொல்கிறார்கள். செய்தித்தாளில் நாடுகளின் பெயரோடு மட்டுமே நான் கண்டிருந்த சொல் அது. ஒரே கருத்து உடையவர்கள் கூடுவதற்கு அப்பெயர் என்று எண்ணியிருந்தேன். கமிட்டியில் கண்ணீரோடு வாதாடிய அவ்விருவரும் விருந்தில் ஓர் அண்டாவை இரு பக்கமும் பிடித்துத் தூக்கிச் சென்றதைக் கண்டபோது அச்சொல்லின் பொருள் எனக்கு விளங்கியது.

தோழர்களே, நம் வளாகத்தைச் சுற்றியும் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. அவர்கள் பிள்ளைகளும் பாட்டுக் கேட்டுத் தமிழ் அறிந்தவர்களே. எழுத்து அறியாதவர்கள் பலர். நம் சங்க அறை மே, ஜூன் மாதங்களில் பூட்டிக் கிடக்கிறது. திறவுகோல் செயலாளரிடம் இருக்கிறது. வரும் கோடையில் ஊருக்குப் போகாதவர்கள் நால்வர் சேர்ந்தால் போதும். தட்டும் அரிசியும் நான் கொண்டுவருகிறேன்.