நாச்சோ தேடிய படலம்

நம் கல்லூரி மலரின் தமிழ்ப் பகுதிக்கு ஏதேனும் வரைந்தனுப்புமாறு ஆசிரியர் எனக்குக் கடிதம் விடுத்தபோது, பழைய மாணவர் வழக்கப்படி விடுதிச் சாம்பாரைப் பற்றியும் மறைந்த பேராசிரியர்களைப் பற்றியும் எழுதுவதென்றே முதலில் உத்தேசித்தேன். அவற்றை என்னினும் நன்றாய் எழுதுவோர் பலருளர். ஆதலின், 2019-ஆம் வருஷக் கோடையில், அமெரிக்க தேசத்து டெக்சாஸ் மாகாணத்திலே சான் அன்டோனியோ நகரில், நானும் என் பேரனும் ஒரு சிற்றுண்டியைத் தேடி அலைந்த வரலாற்றை எழுதத் துணிந்தேன். தமிழாசிரியனாய் 31 வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவன் எழுதத்தக்க பொருளா இது என்று நகைப்போர் நகைக்கட்டும்.

என் குமாரன் அந்நகரில் உத்தியோகம் பார்க்கிறான், மருமகளும் அவ்வாறே. பேரனுக்கு அப்பொழுது வயது 10. ஜூன் மாதத்தில் பள்ளிக்கூடம் மூடப்பட்டது. பெற்றோர் இருவரும் காலையிலேயே புறப்பட்டுவிட, வீட்டில் எஞ்சியவர்கள் நாங்கள் இருவரே. நான் பேசும் தமிழ் அவனுக்கு விளங்கும். விடையோ ஆங்கிலத்தில் வரும். அவ்வாங்கிலமும் நான் நம் கல்லூரியில் கற்ற ஆங்கிலம் அன்று. ஆகவே ஒரு வாரகாலம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, சன்னலுக்கு வெளியே நம் ஊர்ச் சித்திரையை ஒத்த வெயிலையும் பார்த்துக்கொண்டு, வாளா இருந்தோம்.

எட்டாம் நாள் அவன் கேட்டான்: "தாத்தா, உங்களுக்கு நாச்சோ தெரியுமா?"

"தெரியாது" என்றேன்.

அவன் என்னை ஏதோ எழுத்தறியாதவனைப் பார்ப்பதுபோல் பார்த்தான். பிறகு, ஊரிலேயே மிகச் சிறந்த நாச்சோ எந்தக் கடையில் கிடைக்கிறது என்று நாமிருவரும் கண்டுபிடிக்கவேண்டுமென்றும், ஒவ்வொன்றிற்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இடவேண்டுமென்றும் ஒரு திட்டம் சொன்னான். நான் ஒரே ஒரு நிபந்தனை விதித்தேன்: குறிப்பேட்டைத் தமிழில் எழுதவேண்டும். ஞாயிறுதோறும் ஆராதனைக்குப் பின் நடக்கும் தமிழ் வகுப்பில் எழுத்துக்களை வேண்டாவெறுப்பாய்க் கற்றிருந்த அப்பிள்ளை, சற்று யோசித்து, "சரி" என்றான். பசியானது இலக்கணத்தைக் காட்டிலும் வல்ல ஆசிரியன் என்பதை 31 வருஷத்தில் நான் அறிந்திலேன்.

அறியாதார் பொருட்டு நாச்சோ யாதெனக் கூறுகின்றேன். மக்காச்சோள மாவைத் தட்டிச் சுட்ட மெல்லிய அடைக்கு மெக்சிகோவில் டோர்ட்டியா என்று பெயர். அதனை முக்கோணமாய் நறுக்கி, எண்ணெயில் பொரித்து, மேலே பாலாடைக்கட்டியைத் துருவித் தூவி, அனலில் உருகவைத்து, புளிக்காடியில் ஊறிய ஹாலப்பேனோ மிளகாய்த் துண்டு ஒன்றை வைத்தால் அதுவே நாச்சோ. நம் தட்டையின் தலையில் பாலாடைக்கட்டியும் ஊறுகாயும் ஏற்றினாற்போலும் என்று முதலில் நினைத்தேன். தின்ற பிறகு அவ்வுவமை பொருந்தாதென்று கண்டேன். டோர்ட்டியாவுக்கு ஒரு தனி மணம் உண்டு. அதற்குக் காரணம் சுண்ணாம்பு. மெக்சிகோ நாட்டார் தொன்றுதொட்டு மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவெல்லாம் ஊறவிட்டு, தோல் கழன்றபின் நம் அம்மியை ஒத்த கல்லில் அரைத்துவந்தனர். இவ்வாறு செய்வதனால் தானியத்துள் அடைபட்டிருக்கும் நியாசின் என்னும் சத்து உடம்பில் சேரும் நிலை அடைகின்றது. ஐரோப்பியர் சோளத்தைக் கொண்டுசென்றனர். சுண்ணாம்பின் இரகசியத்தைக் கொண்டுசென்றிலர். அதனால் இத்தாலி முதலிய நாடுகளில் சோளமே உணவாய்க் கொண்ட ஏழைகள் பெல்லாக்ரா என்னும் நோய்க்கு இரையாயினர். மிளகாயோ, அதே நாட்டுப் பக்கமிருந்து போர்ச்சுகீசியர் கப்பல் வழியே நம்மிடம் வந்து சேர்ந்து, நம் வீட்டுப் பிள்ளையே ஆகிவிட்டது. ஆகையால் அந்தத் தட்டில் மிளகாயைக் கண்டபோது எனக்கு உறவினரைக் கண்டாற்போலிருந்தது.

நிற்க. எங்கள் ஆராய்ச்சி நடந்தேறிய முறையைச் சொல்வேன். வாரநாட்களில் வீட்டிற்கு அருகிலுள்ள கடைகளுக்கு நடந்தும் பஸ் ஏறியும் சென்றோம். சனிக்கிழமைகளில் என் குமாரன் காரில் அழைத்துப் போனான். அவன் எங்களோடு மேசையில் அமர்ந்திருப்பான். ஆனால் அவன் கண் கைத்தொலைபேசியில் இருக்கும். உத்தியோகம் அத்தகையது.

மார்க்கெட் ஸ்கொயர் என்னும் மெக்சிகோ அங்காடியில் ஒரு தள்ளுவண்டிக் கடையில் தொடங்கினோம். பேரன் 6 இட்டான். நான் 5 இட்டேன். சினிமாக் கொட்டகையில் கிடைத்ததைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அதன்பின் ஒரு பெரிய போஜனசாலையில், நாச்சோ என்ற பெயரால், ஒரு மலையையே கொண்டுவந்து வைத்தார்கள். இறைச்சியென்ன, அவரையென்ன, தக்காளியென்ன, புளித்த பாலேடு என்ன! பார்வைக்குத் தேர்போலிருந்தது. மேலடுக்கில் உள்ளவை நனைந்து துவண்டு கிடந்தன. அடியில் உள்ளவையோ ஒரு துளி பாலாடைக்கட்டியும் காணாத அநாதைகள். இஃது எல்லாக் குவியலுக்கும் பொதுவான குற்றம் என்பது என் துணிபு. அனல் மேலிருந்து வருகின்றது. அது குவியலின் உள்ளே புகமாட்டாது. புகாத இடத்தில் பாலாடைக்கட்டி இருந்தும் பயனில்லை.

இதற்கு மாறாக, வீட்டிற்கு நாலு தெரு தள்ளி, ஆறே மேசைகள் போட்ட ஒரு சிறு கடையில், எட்டு நாச்சோக்களைத் தட்டில் சுற்றிலும் வட்டமாய் வைத்துக் கொண்டுவந்தாள் ஓர் அம்மாள். ஒவ்வொன்றின்மேலும் அரைத்த அவரை மெல்லிதாய்ப் பூசப்பட்டிருந்தது, அதன்மேல் பாலாடைக்கட்டி, அதன்மேல் ஒரே மிளகாய்த் துண்டு. அவரைப் பூச்சுக்கு ஒரு வேலையுண்டு. மிளகாயின் காடிநீரும் பாலாடைக்கட்டியின் நெய்யும் அடையில் இறங்காதபடி அது தடுக்கும்; ஆதலால் எட்டாவது துண்டும் முதல் துண்டைப்போல் மொறுமொறுவென்றிருந்தது. நான் 9 இட்டேன். பேரன் தன் கையால், "அவரை நல்லது. மிலகாய் காரம்" என்று எழுதி 8 இட்டான். லகரத்தைத் திருத்தினேன்.

நான் திருத்துகிறவன். அதுவே என் தொழிலாயிருந்தது.

ஜூலை மாதத்தில் ஒரு மாலை, என் குமாரன் எங்களைப் பேஸ்பால் ஆட்டம் பார்க்க அழைத்துச் சென்றான். 18-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியப் பாதிரிமார் நிறுவிய ஐந்து மிஷன்கள் அவ்வூரில் உள. 2015-இல் அவை உலகப் பாரம்பரியச் சின்னங்களென அறிவிக்கப்பட்டன. ஊரின் பேஸ்பால் குழுவுக்கும் "மிஷன்ஸ்" என்றே பெயர். மிஷன் கல்லூரியிற் படித்தவனாகையால் அக்குழுவே வெல்லவேண்டுமென்று நானும் விரும்பினேன். ஆட்டம் மட்டும் கடைசிவரை விளங்கவில்லை. அங்கே ஒரு கடையில் பேரன் நாச்சோ வாங்கினான். வட்டமான சோளவில்லைகளின் பக்கத்தில், ஒரு குழாயை அழுத்த, மஞ்சள் நிறத்தில் ஒரு குழம்பு வந்து குழியை நிரப்பியது. அதன் பெயரும் பாலாடைக்கட்டியாம்! பேரன் அதை நக்கித் தின்று, குறிப்பேட்டை விரித்து, பத்துக்குப் பத்து என்று எழுதினான். பத்தை அவன் அதுவரை எதற்கும் அளித்ததில்லை.

எனக்குள்ளிருந்த ஆசிரியன் பொறுக்கவில்லை. அவன் கையிலிருந்த பேனாவை வாங்கி, பத்தை அடித்து, பக்கத்தில் 2 என்று எழுதினேன். எழுதியதோடு, அவ்வம்மாளின் கடைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு தெரியாதவன் நாக்கு நாக்கே அன்று என்றும் சொன்னேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. குறிப்பேட்டை மூடிக் காலடியில் வைத்துக்கொண்டான்.

அன்றுமுதல் ஒன்பது நாள் குறிப்பேடு திறக்கப்படவில்லை. கடைக்குப் போகலாமா என்றால், "நோ, தாங்க்யூ" என்பான். மாதம் ஒன்றில் மெல்ல மெல்ல வந்த தமிழ் முழுதும் வந்த வழியே போயிற்று. மருமகள் ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பாராமல், "மாமா, அது அவன் நோட்டு" என்றாள். அவ்வளவே. நான் ஊர் திரும்ப மூன்று வாரங்கள் இருந்தன.

நாச்சோவின் பிறப்பிடத்தைக் காண்பதென்று முன்னரே ஏற்பாடாகியிருந்தது. ஆகவே அந்தச் சனிக்கிழமை பேச்சில்லாமலே புறப்பட்டோம். சுமார் 140 மைல் மேற்கே, ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் ஈகிள் பாஸ் என்னும் ஊர் உளது. ஆற்றுக்கு அக்கரை மெக்சிகோவின் பியெத்ராஸ் நெக்ராஸ். அங்கிருந்த விக்டரி கிளப் என்னும் போஜனசாலைக்கு, 1943-இல் என்பர், அமெரிக்கச் சேனை உத்தியோகஸ்தரின் மனைவியர் சிலர் வந்தனராம். சமையற்காரரைக் காணவில்லை. மேற்பார்வையாளராயிருந்த இக்னாசியோ அனாயா என்பவர் தாமே அடுக்களையிற் புகுந்து, கைக்குக் கிடைத்த டோர்ட்டியாவையும் பாலாடைக்கட்டியையும் மிளகாயையும் கொண்டு ஒன்றைச் செய்துவந்து வைத்தார். இக்னாசியோ என்ற பெயரைச் செல்லமாய் நாச்சோ என்பது ஸ்பானிய வழக்கு. பண்டத்துக்கு அவர் பெயரே நிலைத்தது. 1954-இல் ஈகிள் பாஸ் திருச்சபையார் அச்சிட்ட சமையல் நூலொன்றில் அதன் செய்முறை இடம்பெற்றது. அனாயா 1975-இல் காலமானார். மறு வருஷமே, சான் அன்டோனியோ வியாபாரி பிராங்க் லிபெர்ட்டோ, ஆர்லிங்டன் நகரத்துப் பேஸ்பால் அரங்கில், குழாயில் ஊற்றும் குழம்போடு நாச்சோவை விற்கத் தொடங்கினார். வரிசையில் நிற்போர் ஆட்டத்தைத் தவறவிடலாகாது. அனல் மூட்டி உருக்க நேரமில்லை. சாதாரணப் பாலாடைக்கட்டியைச் சூடாகவே வைத்திருந்தால் நெய் பிரிந்து திரிந்துவிடும். சிட்ரேட், பாஸ்பேட் முதலிய உப்புக்களைச் சேர்த்தால் பிரியாமல் குழம்பாகவே நிற்கும். இவையெல்லாம் நான் அவ்வொன்பது நாளில் படித்தறிந்தவை. படிக்கையில் ஒன்று உறுத்தியது. நான் மூலபாடம் என்று கொண்டாடிய நாச்சோவும், சமையற்காரர் இல்லாத வேளையில், வந்தவர்கள் பசியோடு போகலாகாதென்று கைக்குக் கிடைத்ததைக் கொண்டு செய்ததே அல்லவா?

ஆற்றைக் கடக்கவில்லை. கரையில் நின்று அக்கரையைப் பார்த்தோம். விக்டரி கிளப்பும் இப்பொழுது இல்லை. ஈகிள் பாஸிலேயே ஒரு கடையில் உண்டோம். தனித்தனியே செய்த, மாசற்ற நாச்சோ. "எத்தனை போடலாம்?" என்று பேரனைக் கேட்டேன்.

"நீங்களே போடுங்க, தாத்தா" என்றான்.

ஒன்பது நாளுக்குப் பின் அவன் பேசிய முதல் தமிழ் அது. வண்டியில் திரும்புகையில் அவ்வாக்கியத்தை 140 மைலும் சுமந்துவந்தேன்.

அடுத்த வாரம் ஆட்டம் பார்க்கப் போகவேண்டுமென்று நானே என் குமாரனைக் கேட்டேன். அரங்கில் நானே எழுந்து சென்று, வரிசையில் நின்று, என் ஆங்கிலத்தில் நாச்சோ ஒன்று கேட்டு, என் கைக்காசு கொடுத்து வாங்கிவந்து, பேரனுக்கும் எனக்கும் நடுவில் வைத்தேன். மெல்லத் தின்றேன். உப்பு மிகுதி; பாலின் மணம் சற்றும் இல்லை. ஆயினும் இளஞ்சூடாய் இருந்தது என்பதை மறைக்கலாகாது. "இது ஏன் பத்து என்று எனக்கு விளங்கவில்லை. நீ சொல்வாயா?" என்றேன்.

அவன் நெடுநேரம் ஆட்டத்தையே பார்த்திருந்தான். பிறகு பாதி தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் சொன்னான். மற்றக் கடைகளில் சீஸ் சீக்கிரம் தீர்ந்துபோம். இங்கே கடைசிச் சிப்ஸ் வரைக்கும் இருக்கும். இது ஒரு காரணம். பிறகு குரலைத் தாழ்த்தி, "இங்கே அப்பா போன் பார்க்க மாட்டார், தாத்தா. மூணு மணி நேரம்" என்றான்.

நான் திரும்பிப் பார்த்தேன். என் குமாரன் பேரனுக்கு அப்பால் அமர்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, பந்தையே நோக்கியிருந்தான். அவன் சிறுவனாயிருந்தபோது மாலை வேளைகளில் நான் விடைத்தாள் கட்டுக்களோடு அமர்ந்திருப்பதும், அவன் வாயிற்படியில் நின்று பார்த்துவிட்டுப் போவதும் நினைவுக்கு வந்தன.

"நோட்டு இருக்கிறதா?" என்றேன். பையிலிருந்து எடுத்தான், கொண்டுவந்திருந்தான். "நான் எழுதலாமா?" என்று கேட்டு, பேனாவை அவன் கையிலிருந்து பெற்று, என் 2-ஐ அடித்துவிட்டு, "பேரன் 10, தாத்தா 4" என்று எழுதினேன்.

"ஃபோர் தானா?" என்றான்.

"நான்குதான். குழம்பு அப்படிப்பட்டது" என்றேன். அவன் சிரித்தான்.

அக்கோடையில் மொத்தம் 17 கடைகளைப் பார்த்தோம். பட்டியலின் தலையில் அவ்வம்மாளின் கடையா, அரங்கின் கடையா என்ற வழக்கு இன்றும் தீரவில்லை. ஞாயிறுதோறும் தொலைபேசியில் நடக்கின்றது, பெரும்பாலும் தமிழில். நான் புறப்பட்ட அன்று அக்குறிப்பேட்டை என் பெட்டியில் வைத்திருந்தான். கடைசிப் பக்கத்தில் "மிலகாய்" என்று மீண்டும் எழுதியிருக்கிறான். அது அப்படியே இருக்கின்றது.