ஒப்புக்குச் சப்பாணி

தெருவில் விளையாடி வளர்ந்தவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. ஆள் கணக்குக்கு ஒத்துவராத ஒரு பொடிசு அழுது அடம்பிடித்து ஆட்டத்துக்குள் வந்துவிட்டால் அதற்குக் கொடுக்கப்படும் பதவிதான் ஒப்புக்குச் சப்பாணி. ஓடலாம், கத்தலாம், பந்தைப் பொறுக்கி வரலாம். ஆனால் அவுட் கிடையாது. எடுக்கிற ரன்னும் கணக்கில் சேராது. அந்தச் சொல்லுக்குள்ளேயே நடக்க முடியாத ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்பதை நாம் யோசிப்பதில்லை.

மற்ற பிள்ளைகள் இரண்டொரு வருடத்தில் அந்தப் பதவியிலிருந்து வளர்ந்து வெளியே போய்விடுவார்கள். எனக்கு மட்டும் அது நிரந்தர வேலையாகிவிட்டது. எனக்கு விழித்திரை நோய். மாலைக்கண் போல ஆரம்பித்து, பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிச் சுருங்கி, குழாய் வழியாகப் பார்ப்பது போலாகி, பத்தொன்பது வயதில் வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் மிஞ்சியது. பெரியப்பா பையன்கள் எனக்கென்று பந்தை உருட்டிவிடுவார்கள். நான் சுழற்றியதும் “செம ஷாட்டுடா!” என்று கைதட்டுவார்கள். பந்து பேட்டில் படவில்லை என்பது பேட்டைப் பிடித்திருந்த எனக்குத் தெரியாதா?

வீட்டில் இரக்கமே இல்லாமல் என்னோடு விளையாடிய ஒரே ஆள் அப்பாயிதான். கரூர் பக்கத்து வீட்டின் கல்திண்ணையில் தாயக்கட்டம் உளியால் செதுக்கப்பட்டிருந்தது. கோடுகள் விரலுக்குத் தெரியும். பித்தளைத் தாயக்கட்டையின் புள்ளிகளோ குழிகள், தடவினால் எண் வந்துவிடும். என் காய்க்குப் புளியங்கொட்டை, அப்பாயிக்குச் சோழி. பழம் ஆகப்போகிற காயை வெட்டிவிட்டு, “போ, மறுபடியும் தாயம் போட்டு வா” என்பாள். நான் அழுதிருக்கிறேன். ஆனால் அது தோற்றவனின் அழுகை. சேர்த்துக்கொள்ளப்படாதவனின் அழுகை வேறு. இரண்டையும் அழுது பார்த்தவனுக்கு வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

அந்தத் திண்ணை யாருக்காகவும் ‘அணுகல்தன்மை’யோடு வடிவமைக்கப்பட்டதல்ல. கல்லும் பித்தளையும் கைக்குத் தெரியும் பொருள்கள், அவ்வளவுதான். விளையாட்டு கண்ணாடித் திரைக்குள் போனபோதுதான் என் விரல்கள் வெளியே நின்றுவிட்டன.

*

நான் வங்கியில் வேலை பார்க்கிறேன். கணினியில் என் கண் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர். பார்வையற்ற இரண்டு ஆஸ்திரேலிய இளைஞர்கள், மைக்கேல் கரனும் ஜேம்ஸ் டேயும், 2006இல் தொடங்கிய இலவச மென்பொருள். திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும். ஆனால் அது திரையைப் ‘பார்த்து’ப் படிப்பதில்லை என்பதுதான் விஷயம். சாதாரண மென்பொருள் ஒவ்வொன்றும், “இது பட்டன், இதன் பெயர் சேமி, இது பெட்டி, இதற்குள் இன்ன எழுத்து” என்று இயங்குதளத்திடம் ஒரு பட்டியலைக் கொடுத்து வைத்திருக்கும். ஸ்கிரீன் ரீடர் படிப்பது அந்தப் பட்டியலைத்தான்.

கேம்கள் பெரும்பாலும் அதைத் தருவதில்லை. கேம் இன்ஜின் தன் உலகத்தை, மெனு பட்டன் உட்பட, படமாகவே வரைந்துவிடுகிறது. இயங்குதளத்துக்குத் தெரிவதெல்லாம் ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது என்பது மட்டும்தான். உள்ளே டிராகன் பறந்தாலும் என்விடிஏ அந்த ஜன்னலின் பெயரைச் சொல்லிவிட்டு அமைதியாகிவிடும்.

அதனால் எங்களில் பலர் மெனுவை மனப்பாடம் செய்கிறோம். கீழே மூன்று தடவை, எண்டர், வலது பக்கம் ஒரு தடவை, எண்டர். மந்திரம் மாதிரி. அடுத்த அப்டேட்டில் தீபாவளி ஆஃபர் என்று புதிதாக ஒரு பட்டன் நடுவில் முளைத்தால் மந்திரம் பலிக்காது.

2020 ஊரடங்கில் எங்கள் குடும்பம் நான்கு ஊர்களில் இருந்தபடி ஒரு லூடோ செயலியில் இரவுதோறும் கூடியது. சித்தி, அக்கா, மாமா என்று எல்லோரும். லூடோ என்பது தாயத்தின் தங்கச்சி மாதிரிதானே என்று நானும் ஆசையாகத் திறந்தேன். தொட்ட இடமெல்லாம் “அன்லேபிள்டு, பட்டன்” என்றது ஃபோன். பகடை உருளும் சத்தம் ஒன்றுக்கும் ஆறுக்கும் ஒரே மாதிரி இருந்தது. “என்ன விழுந்துச்சு?” என்று நான் கேட்கவேண்டும், யாராவது சொல்லவேண்டும். இரண்டாம் நாள் அக்கா சொன்னாள்: “நீ சும்மா லைன்ல இருடா, உனக்கும் சேத்து நானே ஆடிக்கிறேன்.” பாசம்தான். அன்று ‘நான்’ ஜெயித்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலை எனக்கு முன்பே தெரியும்.

செயலியை உருவாக்கியவர்களுக்கு மூன்று கடிதம் எழுதினேன். மூன்றுக்கும் தானியங்கிப் பதில் வந்தது.

*

பார்வையற்றவர்களுக்கென்றே கேம்கள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கின்றன. ஜப்பானில் கென்ஜி ஏனோ என்ற வடிவமைப்பாளர் 1997இல் ‘ரியல் சவுண்ட்’ என்று ஒரு கேம் செய்தார். திரையில் படமே கிடையாது, கதை முழுக்க ஒலியில் நடக்கும். சேகா சாட்டர்ன் கருவிக்கு மட்டும் அதைத் தர அவர் வைத்த நிபந்தனை, ஆயிரம் சாட்டர்ன்களைப் பார்வையற்றவர்களுக்கு சேகா இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது. கூடவே தன் பங்குக்கு ஆயிரம் பிரதிகளை அவர் கொடுத்தார். பிறகு பிரான்சிலிருந்து ‘எ பிளைண்ட் லெஜண்ட்’ வந்தது, கனடாவிலிருந்து ‘தி வேல்’ வந்தது. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, வாள் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று காதால் பிடித்து விளையாடுவது. நான் விளையாடியிருக்கிறேன், நன்றாகவே இருக்கும்.

ஆனால் மறுநாள் அதைப் பற்றி யாரிடம் பேசுவது? என் வீட்டில் யாரும் அதை விளையாடுவதில்லை. விளையாட்டின் பாதி சுகம் ஆடுவதில் என்றால், மீதிப் பாதி ஆடியதைப் பற்றிச் சண்டை போடுவதில் இருக்கிறது. எனக்கென்று தனியாக ஒரு திண்ணை கட்டிக் கொடுப்பது நல்ல விஷயம்தான். எனக்கு வேண்டியிருந்தது எல்லோரும் உட்கார்ந்திருக்கும் திண்ணையில் ஓர் இடம்.

அது அந்த வருடமே கிடைத்தது. தீபாவளிக்கு ஊருக்கு வந்த சித்தப்பா மகன் பிளேஸ்டேஷனையும் தூக்கி வந்திருந்தான். ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2’ அந்த ஜூனில்தான் வெளியாகியிருந்தது. அறுபதுக்கும் மேற்பட்ட அணுகல் அமைப்புகள் அதில் இருந்தன. பார்வையற்ற அமெரிக்க விளையாட்டாளரான பிராண்டன் கோல் அதை உருவாக்கும்போதே ஆலோசகராக இருந்தார். பார்வைக்கான அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் மெனுவைக் குரல் படிக்கும். ஒரு பட்டனை அழுத்தினால் போகவேண்டிய திசைக்கு எல்லி திரும்பி நிற்பாள். இன்னொன்றை அழுத்தினால் எதிரி இருக்கும் பக்கத்திலிருந்து ஓர் ஒலி வரும். பள்ளத்தில் தவறி விழாமல் ஓரத்திலேயே நின்றுகொள்ளலாம். குதிக்க ஓர் ஓசை, குனிய ஓர் ஓசை. இந்த அகராதியை மனதில் ஏற்றவே எனக்கு ஒரு நாள் முழுதும் பிடித்தது.

அந்தக் கேமில் கிளிக்கர் என்று ஒரு ஜந்து உண்டு. பூஞ்சை முகத்தை மூடி, கண் போய், ‘டக் டக்’ என்று ஒலியெழுப்பி, அதன் எதிரொலியை வைத்தே ஆளைத் தேடிவரும். என்னைக் கொன்றது அதுதான். நான் அவசரப்பட்டு எட்டு வைத்தேன், அது கேட்டுவிட்டது. ஒரு குருடன் இன்னொரு குருடனைக் காதாலேயே பிடித்துவிட்டான்.

பக்கத்தில் இருந்தவன் கத்தினான்: “அண்ணே, செத்துட்டீங்க! என்னண்ணே இப்படி மொக்கையா ஆடுறீங்க, குடுங்க இங்க!”

“கைய எடுறா. இன்னும் ஒரு தடவ.”

அப்பாயிக்குப் பிறகு என் ஆட்டத்தை மொக்கை என்று சொன்ன முதல் ஆள் அவன். அந்த இரவு பதினேழு தடவை செத்தேன். ஒவ்வொரு சாவும் என் சொந்தத் தப்பால் வந்தது.

*

இதைச் சொல்லும்போதெல்லாம் ஒரு கேள்வி வரும். “இவ்வளவு உதவி செஞ்சா அப்புறம் அதுல என்ன சவால்?” நேர்மையான கேள்விதான். பதிலுக்கு 2023இல் வந்த ‘ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட்’ கார்ப் பந்தயத்தை எடுத்துக்கொள்வேன். பார்வையற்றவர் ஓட்டுவதற்கான ஒலி வசதிகள் அதில் உண்டு. சாலை ஓரத்தை நெருங்கினால் ஓர் ஒலி, வளைவு வருகிறது என்றால் ஓர் ஒலி, வேகத்தைக் குறைக்க ஓர் ஒலி. இந்த ஒலிகளில் எதுவும் ஸ்டீயரிங்கைத் திருப்பாது, பிரேக்கை மிதிக்காது. திரையைப் பார்த்து ஓட்டுபவருக்கு வளைவு தெரிவதை யாராவது உதவி என்று சொல்கிறோமா? கண்ணுக்குப் போகும் தகவல் என் காதுக்கும் வருகிறது. அதற்குப் பிறகு சுவரில் மோதினால், அது நான் மோதியதுதான்.

ஒலியைக் கவனமாகச் செய்தாலே பாதி வேலை முடிந்துவிடும் என்பதற்குச் சண்டை கேம்கள் சாட்சி. ஒவ்வொரு அடிக்கும் உதைக்கும் தனித்தனி ஓசை, எதிராளி இடமா வலமா என்பது ஹெட்ஃபோனில் தெரியும். இதை வைத்தே பார்வையற்றவர்கள் பல வருடங்களாகப் போட்டிகளில் ஆடுகிறார்கள். ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6’ எதிராளி எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பதையே ஒலியாக்கிக் கொடுத்துவிட்டது.

இதெல்லாம் கோடிகளைக் கொட்டும் நிறுவனங்களின் கதை என்று தோன்றலாம். ஒரு லூடோவுக்கு அவ்வளவு தேவையில்லை. பட்டனுக்கு ஒரு பெயர். விழுந்த எண்ணைச் சொல்ல ஒரு குரல். எந்தக் காய் எங்கே நிற்கிறது என்று கேட்டால் சொல்ல ஒரு வழி. முடித்த கேமைப் பிரித்து இதைச் சேர்ப்பது வீட்டைக் கட்டிவிட்டுச் சுவருக்குள் வயர் இழுப்பது போல. முதலிலேயே யோசித்தால் பெரிய செலவில்லை. கருவிகளும் மாறிவருகின்றன. கோடோ என்ற இலவச இன்ஜின் 2025இல் வெளியான 4.5 பதிப்பில் ஸ்கிரீன் ரீடருக்கான ஆதரவைச் சேர்த்திருக்கிறது. ஃபோன்கள் தமிழிலும் பேசுகின்றன. அக்காவுக்குப் படமாகத் தெரியும் ஆறு, அதே நொடியில் எனக்கு ‘ஆறு’ என்று கேட்பதற்குத் தொழில்நுட்பத்தில் எந்தத் தடையும் இல்லை. செய்யவேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றவேண்டும்.

சில மாதங்களாக ஒரு கல்லூரி மாணவி கோடோவில் தாயம் செய்துகொண்டிருக்கிறாள், நான் சோதித்துக் கொடுக்கிறேன். முதல் பதிப்பில் கட்டங்களுக்குப் பெயர் இல்லை, இரண்டாவதில் வந்துவிட்டது. மூன்றாவதில் வெட்டும்போது ஒரு சத்தம் வைத்திருந்தாள், குரூரமாக நன்றாக இருந்தது. போன வாரம் ஃபோனில் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“அண்ணா, உங்களுக்குன்னு தனியா ஒரு ஈஸி மோட் வச்சிடட்டுமா? காய வெட்டாத மாதிரி?”

“வேணாம்மா. என்ன விழுந்துச்சுன்னு மட்டும் அது சொல்லட்டும். மத்தத நான் பாத்துக்கிறேன்.”