இடது கார்னர்

புனேயில் அப்போதெல்லாம் தெற்கிலிருந்து வந்தவன் எவனாக இருந்தாலும் 'அண்ணா'தான். எங்கள் கபடி டீமிலேயே வயதில் சின்னவன் நான். முப்பதைத் தாண்டிய கேப்டனும் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். 1989இல் எம்.எஸ்ஸி. படிக்கப் போயிருந்தேன். சதாசிவ் பேட்டில் அறை. இரவுச் சாப்பாடு முடித்துத் திரும்பும் வழியில், வாடா என்று அங்கே சொல்லும் ஒரு பழைய பெரிய வீட்டின் பின்னால், மண் தரையில் குண்டு பல்பு வெளிச்சத்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள். நின்று வேடிக்கை பார்த்தேன். ஆள் ஒன்று குறைந்தது, கூப்பிட்டார்கள். அவ்வளவுதான் செலக்‌ஷன்.

தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்டத்தில் எனக்குத் தெரிந்த வீரமெல்லாம் தனியாளாகப் பாய்ந்து காலைக் கவ்வுவது. அங்கே அது செல்லுபடியாகவில்லை. முதல் இரண்டு பிடியும் நழுவியதும் கேப்டன் என்னை இடது கார்னரில் நிறுத்தி, பக்கத்தில் தான் வந்து நின்று, என் வலக்கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு மராட்டி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. இருவருக்கும் தெரிந்த இந்தி ஆட்டத்தின் வேகத்துக்குப் போதாது. ஆகவே பாடமெல்லாம் விரலில்தான் நடந்தது. பாடி வருகிறவன் கால் நீட்டும்போது என் விரல்களை இறுக்குவார், பொறு என்று அர்த்தம். அவன் உடம்பின் எடை முன்காலுக்கு மாறும் நொடியில் பிடியைச் சட்டென்று விடுவார். அதுதான் பாய்ச்சல். நான் கணுக்காலை வளைக்க, அவர் இடுப்பில் விழுவார். சிராய்ப்பில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கூட விடாமல் அடுத்த ஆளுக்குக் கைகோத்து நிற்போம்.

சண்டை இல்லாமலா? ஒரு புள்ளிக்கு அரைமணி நேரம் விதி பேசுவார்கள். 1914இலேயே டெக்கான் ஜிம்கானாவில் உட்கார்ந்து கோ கோவுக்கு விதி எழுதிய ஊராயிற்றே. அந்த வழக்கு முழுவதும் அமிர்ததுல்ய டீக்கடை வரை வரும். இஞ்சியும் ஏலமும் தட்டிப் போட்ட டீ, பித்தளைப் பாத்திரத்தில் கொதித்துக்கொண்டே இருக்கும். என் மராட்டி அங்கே கற்றது, அதனால் அதில் பாதி வசவு.

1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி முதன்முறையாகப் பதக்க ஆட்டமானது. தங்கம் நமக்கு. அந்த அணியில் அசோக் ஷிண்டே இருந்தார், தமிழ்நாட்டு ராஜரத்தினமும் இருந்தார். ராஜரத்தினத்தை நான் நேரில் பார்த்ததுகூட இல்லை. இருந்தும் அன்றைக்கு டீக்காசு என்னைத் தரவிடவில்லை, 'உங்க ஊர்க்காரன்' என்று முதுகில் தட்டினார்கள். ஊரில் அண்ணன் கல்யாணத்தில்கூட அவ்வளவு மரியாதை எனக்குக் கிடைத்ததில்லை.

படிப்பு முடிந்து ரயிலேறினேன். கொஞ்ச நாள் கடிதம் வந்தது, அப்புறம் நின்றது. பல வருஷம் கழித்து ஒரு வேலையாகப் போனபோது வாடா இருந்த இடத்தில் அடுக்குமாடி எழும்பியிருந்தது. எங்கள் கோர்ட் அதன் கார் நிறுத்துமிடம். வாட்ச்மேனிடம் விசாரித்தேன். அவர் பீகாரிலிருந்து வந்து ஆறு மாதம்தான் ஆகிறதாம்.

இப்போது கபடி ஆட்டம் மேட் விரிப்பின் மேல். வழுக்காத ஷூ, விளக்கு, டிவி. குறை சொல்ல மாட்டேன், முழங்காலாவது தப்பிக்கிறது. 2024 மார்ச் 1ஆம் தேதி ஹைதராபாத்தில் நடந்த புரோ கபடி இறுதியாட்டத்தில் புனேரி பல்டன் அணி ஹரியானாவை 28–25 என்று வென்றதை வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். அன்றைக்குப் புனேக்கு இடது கார்னர் யார் தெரியுமா? ஈரானிலிருந்து வந்த முகமதுரேசா ஷாத்லூயி. ஏலத்தில் 2.35 கோடி ரூபாய். அவர் காலை வளைத்த போதெல்லாம் என் வலக்கை தானாக மூடித் திறந்தது. 'டிவியைப் பார்த்து என்ன கைவேலை?' என்று மனைவி கேட்டாள். ஸ்கோர் நெருங்கிக்கொண்டிருந்ததால் பதில் சொல்ல நேரமில்லை.