எதிரெதிர்ப் பக்கங்கள்

சின்ன அறிவியல் மாத இதழ் ஒன்றில் கொஞ்ச காலம் பக்க வடிவமைப்பாளராக இருந்தேன். கட்டுரைகள் ஆசிரியர் குழுவிலிருந்து வரும், விளம்பரங்கள் மேல்மாடியிலிருந்து. இவர்கள் எழுதுவதில் அவர்கள் தலையிடக் கூடாது என்பதற்காக அப்படி ஓர் ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற ஒரே ஆள் நான்.

ஒரு மாதம், இடப்பக்கத்தில் சர்க்கரை நோய் பற்றிய கட்டுரை: மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். வலப்பக்கத்தில் விளம்பரம்: 48 நாளில் சர்க்கரையை விரட்டும் சூரணம். பார்த்ததும் சிரிப்பு வந்தது. இரவு பதினொரு மணி. அச்சுக்கு அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

பத்து நாள் கழித்து ஒரு வாசகர் அலுவலகத்துக்கு ஃபோன் பண்ணினார். "அம்மா மாத்திரைய நிறுத்திட்டாங்க சார். டாக்டர் கட்டுரை பக்கத்துலயே போட்டிருக்காங்களே, பொய்யா இருக்குமாங்கறாங்க."

சர்க்கரை நோய் குணமாகும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதையே 1954-ஆம் வருடச் சட்டம் தடுக்கிறது என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

எவார்ட்ஸ் கிரஹாமைப் பற்றிப் படித்ததும் அதற்குப் பிறகுதான். 1933-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், புற்றுநோய் வந்த நுரையீரல் ஒன்றை முழுதாக அகற்றி நோயாளியைப் பிழைக்கவைத்த அறுவை மருத்துவர். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழான ‘ஜாமா’ அந்தச் செய்தியை வெளியிட்டது. அதே வருடம்தான் அது சிகரெட் விளம்பரங்களையும் வாங்க ஆரம்பித்தது. 1950 மே மாதம், 684 நோயாளிகளை வைத்து எர்ன்ஸ்ட் வைண்டரும் கிரஹாமும் செய்த ஆய்வு அதே ‘ஜாமா’வில் வந்தது: நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைபிடித்தல் முக்கியக் காரணமாகத் தெரிகிறது. விளம்பரங்கள் நிற்க 1953 ஆனது.

கிரஹாமே நெடுங்காலம் சிகரெட் பிடித்தவர். பின்னால் விட்டார். 1957-ல் நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். 1933-ல் அவர் காப்பாற்றிய நோயாளி அப்போதும் உயிரோடிருந்தார்.

‘ஜாமா’வில் சிகரெட் வந்தது தெரிந்து எடுத்த முடிவு, எங்கள் இதழில் நடந்தது கவனக்குறைவு என்று கொஞ்ச நாள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் நான்தான் பார்த்தேனே. மேல்மாடிக்கு ஒரு ஃபோன் போட்டிருந்தால் போதும்.

அந்த அம்மா மறுபடி மாத்திரை எடுக்க ஆரம்பித்தாரா என்று கேட்க அந்த வாசகரின் எண்ணைக்கூட நான் வாங்கி வைக்கவில்லை.